ஒரே டேட்டாபேஸ், ஆளுக்கொரு வெர்ஷன்: அலுவலக ஃபைல் எங்கே, எப்படிச் சிக்குகிறது?

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு ஃபைல் இருக்கலாம். பல வருடங்களுக்கு முன்பு யாரோ ஒருவர் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் உருவாக்கியது. வாடிக்கையாளர் பட்டியல், ஸ்டாக் கணக்கு, சம்பள விவரம் எல்லாம் அதற்குள்தான். உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஃபைல் மட்டும் போகவில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் எம்எஸ் ஆபீஸ் 2010, ஸ்டோர்ஸில் 2016, மேனேஜரின் புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் 365. மூன்று பேரும் திறப்பது அதே ஃபைலை.

இந்தக் கலவை இப்போது இன்னும் அதிகமாகியிருக்கிறது. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு ஒரே நாளில், 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் மொத்தமாக மாற்றும். சின்ன அலுவலகங்களில் பட்ஜெட் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவார்கள். அதுவரை பழசும் புதுசும் ஒரே ஃபைலில் கை வைக்கும்.

"இதெல்லாம் ஐடி ஆளுங்க வேலை" என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஃபைலில் இருப்பது உங்கள் கணக்கு. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: திறக்கவே மறுக்கும் ஃபைல் பெரிய ஆபத்து இல்லை. அது எர்ரர் காட்டிச் சொல்லிவிடும். திறந்து, வேலையும் செய்து, கணக்கை மட்டும் சத்தமில்லாமல் மாற்றும் ஃபைல்தான் ஆபத்து.

சத்தமில்லாமல் என்றால் எவ்வளவு?

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. காரணம் ஒரு பழைய ஃபைல் ஃபார்மட்.

ஆய்வகங்களில் இருந்து முடிவுகள் சிஎஸ்வி ஃபைல்களாக வந்தன. அவற்றை அந்நாட்டின் பொது சுகாதார அமைப்பு எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ டெம்ப்ளேட்டில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொருவரின் முடிவும் பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு டெம்ப்ளேட்டில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். அதற்கு மேல் வந்தவர்கள் கணக்கில் ஏறவே இல்லை.

தொற்று இருக்கிறது என்ற தகவல் அந்த நபர்களுக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி தாமதமானது. 2007-லேயே வந்துவிட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள் இடம் உண்டு. புது மென்பொருள் கையில் இருந்தும் பழைய வடிவத்தில் ஃபைலை வைத்திருந்ததன் விலை அது.

வெர்ஷன் என்று எதைச் சொல்கிறோம்?

"என்கிட்ட வேற வெர்ஷன்" என்று சொல்லும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, ஃபைலின் வடிவம். அதாவது, டிஸ்கில் தகவல் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. இரண்டாவது, அதைத் திறக்கும் மென்பொருளின் பதிப்பு. 2010-ஆ, 2016-ஆ, 365-ஆ? மூன்றாவது, அந்த மென்பொருள் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. மூன்றும் பொருந்தினால்தான் ஃபைல் ஒழுங்காக ஓடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அக்சஸில் ஃபைல் மெனு, அதில் அக்கவுண்ட், அதில் அபவுட் அக்சஸ் என்று போங்கள். பதிப்பு, பிட் இரண்டுமே அங்கே இருக்கும்.

எம்டிபி, ஏசிசிடிபி: எது எதில் திறக்கும்?

அக்சஸ் ஃபைல்களின் வரலாறு நீளமானது. அலுவலகத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்:

- அக்சஸ் 97-இன் எம்டிபி: மிகப் பழைய வடிவம். அக்சஸ் 2013-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இது திறக்காது. அக்சஸ் 2003, 2007, 2010 ஆகியவற்றில் ஒன்றை வைத்து முதலில் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.
- அக்சஸ் 2000, 2002-2003 எம்டிபி: இன்றைய அக்சஸிலும் திறக்கும். ஆனால் அக்சஸ் 97-ஆல் இவற்றைப் படிக்க முடியாது.
- ஏசிசிடிபி: அக்சஸ் 2007-இல் வந்தது, இன்று வரை இதுதான் வழக்கம். அக்சஸ் 2003-இலும் அதற்கு முந்தையவற்றிலும் திறக்காது. வேர்டு, எக்ஸெல் ஃபைல்களைப் பழைய ஆபீஸில் திறக்க ஒரு துணை மென்பொருளை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அக்சஸுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

கவனித்தீர்களா? எம்டிபி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. அதனால் ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டேட்டாபேஸைத் திறந்தால் ஜன்னலின் மேற்பட்டையில் எந்த வடிவம் என்று அக்சஸே காட்டும்.

எம்டிபியை ஏசிசிடிபி ஆக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். பழைய எம்டிபியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பயனர் பெயர் வைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி இருந்தது. ஏசிசிடிபியில் அது கிடையாது. சம்பளப் பட்டியலை அந்த வசதியை நம்பிப் பூட்டி வைத்திருந்தீர்கள் என்றால், வடிவத்தை மாற்றியதும் அந்தப் பூட்டு இருக்காது.

இருவரிடமும் ஏசிசிடிபிதான், ஆனாலும் திறக்கவில்லையே?

இது அடிக்கடி வரும் புகார். வடிவத்தின் பெயர் மாறாவிட்டாலும் உள்ளே புதுப்புது வசதிகள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அக்சஸ் 2010-இல் டேபிளுக்குள்ளேயே கணக்குப் போடும் நெடுவரிசை வந்தது. 2016 காலத்தில் 'லார்ஜ் நம்பர்' என்ற பெரிய எண் வகை வந்தது. அதற்கும் பிறகு 'டேட்/டைம் எக்ஸ்டெண்டட்' என்ற புது தேதி வகை.

மேனேஜர் தன் புது லேப்டாப்பில் ஒரு நெடுவரிசையை லார்ஜ் நம்பர் ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதைச் செய்தால் பழைய பதிப்புகளில் சிக்கல் வரும்" என்று அக்சஸ் எச்சரிக்கும். அவர் ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். மறுநாள் காலை அக்கவுண்ட்ஸில் இருக்கும் 2010-இல் ஃபைல் திறக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இதற்கு ஒரே ஒரு விதி போதும். டேபிள் வடிவமைப்பில் எந்த மாற்றமாக இருந்தாலும், அலுவலகத்தில் இருப்பதிலேயே பழைய அக்சஸில்தான் செய்ய வேண்டும். பழையதில் செய்தது புதியதில் பெரும்பாலும் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

32 பிட், 64 பிட்: கண்ணுக்குத் தெரியாத சுவர்

ஆபீஸ் 2019-இல் இருந்து மைக்ரோசாஃப்ட் 64 பிட் பதிப்பையே இயல்பாக நிறுவுகிறது. அதற்கு முன் 32 பிட்தான் வழக்கம். ஆகவே பழைய கம்ப்யூட்டர் 32, புது லேப்டாப் 64 என்ற நிலை இந்தியா முழுக்க சர்வ சாதாரணம்.

டேபிளில் இருக்கும் தகவலுக்கு இதனால் பாதிப்பு இல்லை. அடி விழுவது புரோகிராமுக்கு. விண்டோஸின் வசதிகளை நேரடியாகக் கூப்பிடும் விபிஏ வரிகள் டேட்டாபேஸில் இருந்தால், 64 பிட் அக்சஸில் அவை எர்ரர் காட்டும். அந்த 'டிக்ளேர்' வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்த்து, தேவையான மாறிகளின் வகையையும் திருத்த வேண்டும். ஏசிசிடிஇ என்று பூட்டப்பட்ட ஃபைலாக இருந்தால் கதை வேறு. 32 பிட்டில் உருவாக்கியது 64-இல் ஓடாது, 64-இல் உருவாக்கியது 32-இல் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியாக உருவாக்கித்தான் தர வேண்டும்.

பைத்தான் வழியாக அக்சஸ் ஃபைலைப் படிப்பவர்கள் இதே சுவரில் வேறு பக்கத்தில் இருந்து முட்டுவார்கள். கம்ப்யூட்டரில் இருப்பது 32 பிட் ஆபீஸ், பைத்தான் 64 பிட் என்றால், "டிரைவர் இல்லை" என்றுதான் பதில் வரும். டிரைவர் இருக்கும், பிட் பொருந்தாது. இரண்டையும் ஒரே பிட்டுக்குக் கொண்டுவந்தால் தீரும்.

'மிஸ்ஸிங்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது?

அக்சஸில் ஒரு பட்டனை அழுத்தினால் எக்ஸெல் அறிக்கை தயாராகிறது அல்லது அவுட்லுக்கில் மெயில் போகிறது என்றால், உள்ளே அந்த மென்பொருட்களின் நூலகங்களுக்கு ஓர் இணைப்பு இருக்கும். புது லேப்டாப்பில் திறந்ததும் அந்த இணைப்பு தானாகவே புது பதிப்புக்கு மாறிக்கொள்ளும். அதே ஃபைலைப் பழைய கம்ப்யூட்டரில் திறக்கும்போது அது திரும்பிப் பழையதற்கு மாறாது. விபிஏ ஜன்னலின் ரெஃபரன்சஸ் பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று நிற்கும்.

விசித்திரம் என்னவென்றால், அதன்பின் எக்ஸெலுக்குச் சம்பந்தமே இல்லாத, தேதியை எடுப்பது, எழுத்தை வெட்டுவது போன்ற சாதாரணக் கட்டளைகளும் எர்ரர் கொடுக்கும். காரணம் தெரியாதவர்கள் அந்த வரிகளையே மணிக்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்பார்கள். நிரந்தரத் தீர்வு, நூலகத்தை முன்கூட்டியே இணைக்காமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் எக்ஸெலைக் கூப்பிடும்படி புரோகிராமை எழுதுவது. 'லேட் பைண்டிங்' என்று தேடினால் நிறைய உதாரணங்கள் கிடைக்கும்.

சரி, அப்போ என்னதான் வழி?

மேலே சொன்ன பெரும்பாலான சிக்கல்களுக்கு மூல காரணம் ஒன்றுதான்: எல்லாரும் ஒரே ஃபைலைத் திறக்கிறார்கள். அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். சரக்கு பின்னால் குடோனில் இருக்கும். வியாபாரம் முன்னால் கவுண்டரில் நடக்கும். ஒரு கவுண்டரின் தராசு பழையதாக இருந்தாலும் பக்கத்துக் கவுண்டரின் வேலை நிற்காது. டேட்டாபேஸையும் அப்படிப் பிரிக்கலாம். டேபிள்கள் மட்டும் உள்ள 'பேக் எண்ட்' ஃபைல், பொதுவான ஒரு கம்ப்யூட்டரில். ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி, விபிஏ எல்லாம் உள்ள 'ஃப்ரண்ட் எண்ட்' ஃபைல், ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி.

இதற்கு அக்சஸிலேயே வசதி உண்டு. 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'மூவ் டேட்டா' என்பதன் கீழ் 'அக்சஸ் டேட்டாபேஸ்' என்பதை அழுத்தினால் அதுவே பிரித்துக் கொடுக்கும். செய்யும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம்.

பிரித்தபின் வெர்ஷன் சிக்கல் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். பேக் எண்ட் ஃபைலின் வடிவம், இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டருக்குப் பொருந்தினால் போதும். அக்சஸ் 2003 வைத்திருக்கும் ஒருவர் இருந்தால் அது எம்டிபியாக இருக்கட்டும். எல்லாரிடமும் 2010 அல்லது அதற்கு மேல் என்றால் ஏசிசிடிபி. ஃப்ரண்ட் எண்ட் ஃபைலை 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என்று தனியாகத் தரலாம். ஒருவரின் பிரதியில் 'மிஸ்ஸிங்' வந்தால் அது அவரோடு நின்றுவிடும். கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பிரதியைக் கொடுக்கலாம். அதில் டேட்டா எதுவும் இல்லையே.

அக்சஸே வாங்காத கம்ப்யூட்டர்களுக்கும் வழி இருக்கிறது. 'அக்சஸ் ரன்டைம்' என்பதை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. அதில் வடிவமைப்பை மாற்ற முடியாது, ஃபார்மில் பதிவு செய்யலாம், ரிப்போர்ட் எடுக்கலாம். மேக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அக்சஸ் கிடையாது.

ஃபைலை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

அலுவலகத்துக்குள் கேபிள் வழியாக இணைந்த நெட்வொர்க்கில், ஒரு பகிர்ந்த ஃபோல்டரில் வைக்கலாம். அந்த ஃபோல்டரில் எல்லாருக்கும் படிக்க, எழுத, புது ஃபைல் உருவாக்க, அழிக்க அனுமதி வேண்டும். ஏனென்றால் டேட்டாபேஸைத் திறக்கும்போது அக்சஸ் பக்கத்தில் 'எல்ஏசிசிடிபி' என்ற ஒரு சின்ன பூட்டு ஃபைலை உருவாக்கும். யார் எந்தப் பதிவில் இருக்கிறார்கள் என்பதை அதன் மூலம்தான் சமாளிக்கிறது. கடைசி ஆள் மூடியதும் அது தானாக அழிந்துவிடும். யாராவது உள்ளே இருக்கும்போது "என்னடா இது தெரியாத ஃபைல்" என்று அதை அழிக்கப் பார்க்காதீர்கள்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைத்து இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்வது வேண்டவே வேண்டாம். இந்தச் சேவைகள் ஃபைலை முழுதாக நகலெடுத்து ஒத்திசைக்கும். இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒருவரின் வேலை போகும், இல்லாவிட்டால் 'கான்ஃப்ளிக்ட்' என்று இரண்டு ஃபைல் நிற்கும். எது சரியானது என்று சொல்ல யாராலும் முடியாது. அடிக்கடி துண்டிக்கும் வைஃபையும் விபிஎன்னும் இதே காரணத்துக்காக ஆபத்துதான். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஃபைல் சிதைந்துபோக வாய்ப்பு உண்டு.

திறந்துவிட்டது, ஆனால் தப்பாகத் திறந்திருக்கிறதா?

இனி வருவதுதான் நாம் முதலில் பேசிய சத்தமில்லாத ஆபத்து. வெர்ஷன் தொல்லை தாங்காமல் "எக்ஸெல்ல போட்டு அனுப்புங்க" என்று முடிவெடுக்கும்போது பெரும்பாலும் இது நடக்கும். நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலில் தேதி. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அது மார்ச் 4. அக்சஸில் எஸ்க்யூஎல் வரிக்குள் இப்படித் தேதி எழுதினால், உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பு இந்தியாவாக இருந்தாலும் அக்சஸ் அதை அமெரிக்க முறையில்தான் படிக்கும். ஒரு ஏப்ரல் பில் மார்ச்சுக்குப் போய்விட்டால், அது போவது முந்தைய நிதியாண்டுக்கு. இன்னும் மோசம், 13/04/2025 என்றால் 13-வது மாதம் இல்லையே என்று அக்சஸ் அதைச் சரியாகவே படித்துவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாட்கள் மட்டும் தப்பும், மீதி சரியாக இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. ரீஜன் அமைப்பு அமெரிக்காவாக இருக்கும் லேப்டாப்பில் சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்தாலும் இதே கதைதான். வழி: தேதியை எப்போதும் 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள்.

இரண்டாவது, நீளமான எண்கள். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளே விட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணுக்கு வேறு விதமான சிக்கல். சாதாரண செல்லில் அது புள்ளியும் 'இ'யும் கலந்த அறிவியல் குறியீடாகத் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த அந்தச் சுருக்கமே ஃபைலில் எழுதப்படும், அசல் எண் போச்சு. 0045 என்ற பணியாளர் எண் 45 ஆவதும் இந்த வகைதான். கூட்டல் கழித்தல் செய்யத் தேவையில்லாத எண் எதுவாக இருந்தாலும் அதை 'டெக்ஸ்ட்' என்றே வைத்திருங்கள்.

மூன்றாவது, எழுத்து. தமிழோ இந்தியோ உள்ள ஷீட்டைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். இன்னும் பழைய ஃபைல்களில் பிரச்னை ஆழமானது. அக்சஸ் யூனிகோடுக்கு மாறியது 2000 பதிப்பில்தான். அந்தக் காலத்தில் பாமினி, கிருதி தேவ் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபைல் வடிவத்தை மாற்றுவதால் அவை யூனிகோடு ஆகிவிடாது. அதற்குத் தனி மாற்றி வேண்டும்.

நான்காவது, அளவு. அக்சஸ் ஃபைல் ஒன்று 2 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் 65,536 வரிசை எல்லையை இங்கிலாந்து உதாரணத்திலேயே பார்த்தோம்.

ஃபைலை மாற்றியபின் எப்படிச் சரிபார்ப்பது?

டேட்டாவை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பழகிய வழக்கம். எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். மாற்றும் முன் பழைய ஃபைலில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரிசை, பணம் உள்ள நெடுவரிசைகளின் கூட்டுத்தொகை, மிகப் பழைய தேதியும் மிகப் புதிய தேதியும், காலியாக இருக்கும் செல்களின் எண்ணிக்கை. மாற்றியபின் புது ஃபைலிலும் அதே நான்கையும் எடுங்கள். ஒன்று இடித்தாலும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். மாதவாரியாகவும் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தால் தேதிக் குளறுபடி தானாக வெளியே வரும்.

பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. கம்பெனிகள் சட்டத்தின்படி நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டும். ஃபைல் இருந்தால் மட்டும் போதுமா? நோட்டீஸ் வரும் அன்று அது திறக்க வேண்டும். அதைத் திறக்கும் மென்பொருள் அலுவலகத்தில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரிலாவது இருக்க வேண்டும்.

டேலி பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். 2023-இல் வந்த டேலிபிரைம் 3.0-க்கு மாற்றிய நிறுவனத் தரவை அதற்கு முந்தைய பதிப்புகளில் திறக்க முடியாது. எனவே கிளையில் ஒரு பதிப்பு, தலைமை அலுவலகத்தில் ஒரு பதிப்பு, ஆடிட்டரிடம் இன்னொன்று என்று இருந்தால், மாற்றும் தேதியை மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். மாற்றும் முன் எடுத்த பேக்கப் தனியாக இருக்கட்டும்.

இன்னொரு விதியும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் கணக்கெழுதப் பயன்படுத்தும் மென்பொருளில், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் முடியக் கூடாது. நீங்களே அக்சஸில் உருவாக்கிய டேட்டாபேஸில்தான் நிறுவனத்தின் கணக்குப் புத்தகமே ஓடுகிறது என்றால், ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

அதேசமயம் பிரதிகள் மேல் பிரதிகளாகக் குவிவதும் ஆபத்துதான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஃபைனல்' என்று பென் டிரைவிலும் மெயிலிலும் கிடக்கும் ஒவ்வொன்றிலும் மக்களின் மொபைல் எண்ணும் ஆதாரும் இருக்கின்றன. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பழைய பதிப்புக்கு ஒரு பிரதி, தேதியோடு, பூட்டிய இடத்தில். மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

அக்சஸை விட்டே போய்விடலாமா?

ஆட்கள் கூடும்போது, வெளியூர்க் கிளைகள் சேரும்போது, ஃபைல் 2 ஜிபியை நெருங்கும்போது அந்த யோசனை சரிதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. டேபிள்களை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் அல்லது போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வருக்கு மாற்றிவிட்டு, பழகிய அக்சஸ் ஃபார்ம்களை அப்படியே முன்னால் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022-இல் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம் உண்டு. சர்வரில் யாரும் ஃபைலை நேரடியாகத் தொடுவதில்லை, கேள்வி அனுப்பிப் பதில் வாங்குகிறார்கள். அதனால் ஆளுக்கொரு வெர்ஷன் இருந்தாலும் ஃபைல் தப்பிக்கும்.

ஆனால் வெர்ஷன் தொல்லை அங்கேயும் முழுதாக ஒழியாது. புது எஸ்க்யூஎல் சர்வரில் எடுத்த பேக்கப்பைப் பழைய எஸ்க்யூஎல் சர்வரில் ஏற்ற முடியாது. போஸ்ட்கிரெஸிலும் பெரிய பதிப்பு மாறும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்கி வைக்க முடியாது, முறைப்படி மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீண்ட காலம் வைத்திருக்க மட்டும் ஒரு பிரதி வேண்டுமென்றால், எளிய வடிவமே நல்லது. நம் நாட்டின் தேசிய மாதிரி ஆய்வுகளின் அடிப்படைத் தரவு பல சுற்றுகளாகச் சாதாரண எழுத்து ஃபைல்களாகவும், எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு விளக்கப் பட்டியலோடும்தான் வெளியாகியிருக்கிறது. எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் அதைப் படிக்கலாம். நீங்களும் வருடத்துக்கு ஒருமுறை எல்லா டேபிள்களையும் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாக எடுத்து, எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியவை

- அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எந்தப் பதிப்பு, எத்தனை பிட் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
- அதில் மிகப் பழையது எது என்று வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் பொது ஃபைலின் எல்லை.
- டேட்டாபேஸைப் பிரதி எடுத்துவிட்டு, பேக் எண்ட், ஃப்ரண்ட் எண்ட் என்று பிரியுங்கள்.
- ஃபைல் ஒன்டிரைவ் போன்ற இடத்தில் இருந்தால் நெட்வொர்க் ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.
- டேபிள் வடிவமைப்பை மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் மாற்றுவது வட்டமிட்ட அந்தப் பழைய பதிப்பில் இருக்கட்டும்.
- வரிசை எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஃபைல் கை மாறும்போது அவற்றோடு ஒப்பிடுங்கள்.